கிணற்றைத் தின்ற அருவி

கிணறு சரிந்தபோது வாரி ஓடையின் கரையில் நின்றவர்கள் மூன்று பேர்: அப்பா, சித்தப்பா, நான். ஆத்தா இல்லை, அக்காவின் பிரசவத்துக்காக ஆவுடையார்கோவில் பக்கம் போயிருந்தாள். மாடுகளும் இல்லை. மழை விடாததால் கொட்டிலிலேயே கட்டிப் போட்டிருந்தோம். தண்ணீர் இறைக்கும் கமலையில் பூட்டியிருந்தால் அவையும் போயிருக்கும்.

அந்த ஐப்பசியில் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தது. மிச்சத் தண்ணீர் வாரி வழியே ஓடி வந்து, எங்கள் கொல்லை நிலத்தின் ஓரத்தில் ஒன்றரை ஆள் உயரத்திலிருந்து குதிக்கும். மேலே செம்புராங்கல் பலகை போல் நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் வெள்ளை மண். பொங்கலுக்குச் சுவரில் பூச ஊரே அங்கேதான் மண் தோண்டும். தலைக்கு மேல் கல் இருப்பதால் வெயில் படாது என்று பெண்கள் வேறு இடம் தேட மாட்டார்கள். தோண்டித் தோண்டி, ஆடுகள் கும்பலாகப் படுக்கும் அளவுக்கு அங்கே ஓர் அறையே உண்டாகியிருந்தது. அதன் சுவர் சித்திரையிலும் கசியும். அந்த ஈரத்தைப் பார்த்துத்தான் அப்பா, கல்லின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கிணறு வெட்டினார். கண்மாயை மட்டுமே நம்பிப் பாதி வருடங்கள் தரிசு போட்ட குடும்பம் எங்களுடையது. அதற்கு வாய்த்த முதல் கிணறு அது. தண்ணீர் ஊறியவுடன் அப்பாதான் முதலில் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

அந்த வருடம்தான் நான் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பூகோள வகுப்பில், வடக்கே வெகு தூரத்தில் நெருப்பிலிருந்து உண்டான ஒரு தீவின் படங்களைக் காட்டினார்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, ஆறு பட்டைத் தூண்களாகப் பிளக்குமாம். கோயில் மண்டபத் தூண்களை இடைவெளி விடாமல் நெருக்கி நிறுத்தியது போல் கருங்கல் நின்றது. அதன் மேலிருந்து தண்ணீர் விழுந்தது. சுற்றிலும் ஒரு மரம் கூட இல்லை, பாசிதான். மேலே இருப்பது கெட்டிக் கல், அடியில் சாம்பலும் சரளையும் என்றார் ஆசிரியர். விழும் தண்ணீர் அடியை அரித்துக்கொண்டே போகும். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மேல்கல் உடையும். அருவி ஓர் அடி பின்வாங்கும். அந்தத் தீவு எங்கே, எங்கள் வாரி எங்கே! ஆனால் வடிவம் அதேதான்.

விடுமுறைக்கு வந்தவன், அருவியைப் பார்த்துக்கொண்டே இதை ஆர்வமாக விளக்கினேன்.

சித்தப்பா சிரித்தார். "அருவி பின்னால நடக்குமா? ஏன்டா, அது என்ன வண்டி மாடா?"

"நெசமாத்தான் சித்தப்பா. படத்துல பாத்தேன்."

"அந்த ஊருல பொங்கலுக்கு வெள்ளையடிப்பாங்களாடா?"

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எம்புட்டுக் காலத்துல இப்படி ஆகும்?"

"ஆயிரக்கணக்கான வருசம் ஆகுமாம்ப்பா."

"அப்பச் சரி. அதுக்குள்ள ரெண்டு போகம் எடுத்துறலாம்."

அவர் கமலைக் காலில் நனைந்து தொங்கிய கயிற்றைச் சுருட்டப் போனார். அப்போதுதான் சித்தப்பா கத்தினார். "டேய், இங்க பாரு, பாலா ஓடுது!" அதுவரை செந்நிறமாக விழுந்த தண்ணீர், அடியில் வெள்ளை வெளேரென்று பெருகிப் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்கு அடியில் இருந்த மண் கரைந்து போகிறது. கிணற்றின் வாய் வழியாக, அப்பாவுக்கும் எங்களுக்கும் நடுவே, தரையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அது அகலமாவதைக் கண்ணால் பார்த்தேன்.

"அப்பா! இங்கிட்டு வாங்க! கயித்த விடுங்க!"

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் கயிற்றைப் போட்டுவிட்டுத் தாண்டினார். கல் இடி போல் விழும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. களைத்த மாடு முன்னங்காலை மடித்துப் படுப்பது போல் மெல்ல அமர்ந்தது. கமலைக் கால்கள் கூடவே சாய்ந்தன. பிறகுதான் சத்தம்.

நான் அந்தக் கிணற்றை மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இப்போது பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் இல்லை. கடப்பாரைத் தடங்கள், நடுவே வெள்ளை மண், எல்லாம் அறுத்து வைத்தது போல் தெரிந்தன. ஊறிய தண்ணீர் மொத்தமும் வாரியில் கொட்டிப் போனது. அருவி இப்போது எங்கள் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லாமல் கேட்டார்.

"ஆயிரம் வருசம்னியேடா?"

தண்ணீருக்கு ஆயிரம் வருடம். மண்வெட்டிக்கு எவ்வளவு என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஆத்தா திரும்பி வந்தவள் வரப்பிலேயே நின்று, "கெணறு எங்கடா?" என்றாள்.

ஆனால் என்னை இன்னும் அதிர வைப்பது மார்கழிக் கடைசியில் நடந்தது. ஊர்ப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். கிணற்றின் திறந்த சுவரில் வெள்ளை மண் பளிச்சென்று இருந்தது. "இந்த வருசம் குனியக்கூட வேணாம்டி" என்று ஒருத்தி மகிழ்ந்துபோய்ச் சொன்னாள். அப்பா கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். "தாயீ, அங்கிட்டுப் போங்க. இன்னொரு கூடை எடுத்தா எங் கொல்லையும் போயிரும்."

மறுநாளே ஆள் பிடித்து, விழுந்த செம்புராங்கல்லையே உடைத்து அடுக்கி, அந்த மண் வெளியே தெரியாதபடி கரை கட்டினோம். கிணறு வெட்டிய கூலி, கமலைச் சாமான், இந்தக் கரை எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் போனது; மிஞ்சியது அந்தக் கரை மட்டும்தான்.