வலியைக் கொடு என்று கேட்டேன்

அம்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் என் கும்பிடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்வி எழுதுகிறாள். போன வருஷம் ஆடி மாசம், கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில், என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார்கள். அந்தக் கால் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன்.

எனக்குக் கச்சிராயபாளையம் பக்கம். கரும்பு வெட்டுகிற ஆள். வெட்டின கட்டை தரையில் ஈட்டி மாதிரி நிற்கும். கோமுகி அணை நிரம்பி வழிந்த ஒரு வருஷம் அது என் குதிகாலில் ஏறிவிட்டது. எட்டு நாள் தூங்கவில்லை. அப்போதெல்லாம் என் கால் வலிக்கும். அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

திரௌபதை அம்மனுக்கு இருபத்திரண்டு வருஷம் தீ மிதித்தவன் நான். செல்வி குழந்தையில் காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. குண்டத்து நெருப்பை நாங்கள் பூ என்றுதான் சொல்வோம். முதலில் எல்லாம் அந்தப் பூ சுட்டது. ஓடித்தான் கடப்பேன். கடைசியில் பால் ஊற்றி வைத்திருக்கிற பால்குழியில் கால் வைத்த பிறகுதான் உயிர் வரும். ஆனால் கடைசி நாலு வருஷமாகச் சுடவே இல்லை. மெதுவாக நடந்தேன். நடுவில் நின்றுகூடக் கும்பிட்டேன். சனங்கள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் காலை நீட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

போன வருஷம் வைகாசியில் சந்தைக்குப் போய் வந்தேன். என் வீட்டுக்காரி பூங்காவனம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஒத்த செருப்போட வந்துகினு கீற? இன்னொண்ண யாருக்கு சீரு குடுத்த?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை.

"அம்மா என் கால பஞ்சு மேல நடக்க வெச்சிட்டா. உனுக்கு இன்னாடி தெரியும்" என்றேன்.

எனக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை, ஞாபகம் வந்தால் போடுவேன்.

ஆடியில் தீ மிதித்தேன். நாலாம் நாள் பூங்காவனம் மூக்கைப் பிடித்தாள். எலி செத்துக் கிடக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் தோல் வெந்து, உள்ளே கருத்துப்போயிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்தோம். மறுநாள் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. குளிர்காய்ச்சல் வந்தது. செல்வி வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஒரு குச்சி முனையில் நரம்பு மாதிரி ஏதோ ஒன்றை வைத்திருந்தார்.

"தாத்தா, கண்ண மூடிக்கோங்க. குத்துதா?"

"இல்லம்மா."

"இப்ப?"

"நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா."

செல்வி அழுதாள். கண்ணைத் திறந்தால், அந்த முனை என் பெருவிரலில் வளைந்து நிற்கிறது.

"சர்க்கரை கால் நரம்ப சாவடிச்சிருக்கு தாத்தா. நெருப்பு எல்லாரையும் மாதிரி உங்களையும் சுட்டுச்சி. உங்களுக்கு சேதிதான் வரல" என்றார். நாளைக்குக் காலையில் புண்ணை அறுத்துச் சுத்தம் செய்வோம், அடியில் ரத்த ஓட்டம் இருந்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், இல்லாவிட்டால் எடுக்கிறதுதான் உயிருக்கு நல்லது என்றார்.

எல்லோரும் வெளியே போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கால் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மன் அருள் என்று ஊருக்கே நீட்டிக் காட்டினேனே, அது நோய். நாலு வருஷமாகச் செத்த காலால் அவள் பூவை மிதித்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்வேன். அவளைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வலிக்குது, வலிக்குது என்று ஊசிக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. அப்போதுதான் கேட்டேன். தாயே, உன்னிடம் எல்லோரும் வலியை எடு என்று கேட்பார்கள். எனக்கு வலியைக் கொடு. கொஞ்சமாவது கொடு. வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

காலையில் அறுத்தார்கள். மரத்துப்போக ஊசிகூடப் போட வேண்டியிருக்கவில்லை. வேறு யாருடைய காலையோ அறுக்கிற மாதிரி படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பாக வந்தது. மறுபடியும் கருப்பு. டாக்டரம்மா முகத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். கணுக்கால் ஓரத்துக்கு வந்தபோது சுருக் என்றது.

"வலிக்குதும்மா" என்றேன்.

"எங்க?"

"அங்கதான். வலிக்குது. நல்லா வலிக்குது."

"ரத்தமும் வருது" என்றார் டாக்டரம்மா. செக்கச்செவேல் என்று வந்தது. நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. பக்கத்தில் நின்ற நர்சம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "வலிக்குதுன்னு சிரிக்கிற ஆள இப்பதாங்க பாக்கறேன்."

இரண்டு விரல் போனது. மற்றது நின்றது. தை மாசம் வரைக்கும் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, அதுதான் பெரிய மருந்து என்றார்கள். கட்டு மாற்றினார்கள், சர்க்கரைக்கு ஊசி போட்டார்கள். பூங்காவனம் ஆறு மாசம் என்னைக் குழந்தை மாதிரி தூக்கி உட்காரவைத்தாள். "தொலைஞ்ச செருப்ப தேடித் தந்தாதான் சோறு" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். உள்ளங்காலில் உணர்வு திரும்பி வரவில்லை. வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மன் எனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கொடுத்தாள்.

இந்த ஆடிக்கு நான் தீ மிதிக்கவில்லை. மெத்தை வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, காப்புக் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பூசாரி சம்மதத்தோடு, காப்புக் கட்ட வந்த ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் வேப்பங்குச்சியால் லேசாகத் தொட்டேன். "சர்க்கரை சாமி வந்துட்டாரு" என்று இளவட்டங்கள் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும். என் வயசுக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, "தொடு மாமா, எம்மா நேரம் ஒக்காந்துகினு இருக்கிறது" என்றான். நான் அதற்குள் மூன்று தடவை தொட்டிருந்தேன்.

அவனைப் பூசாரி தீ மிதிக்காமல் குண்டத்தைச் சுற்றி வந்து மாவிளக்குப் போடச் சொன்னார். அவன் அழுதான். நானும் கூட அழுதேன். மறுநாள் என்னோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

அம்மனை நம்புங்கள். பூ சுட்டால் நம்பிக்கை குறைச்சல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுட்டால், தாயே இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பால்குழியில் காலை வையுங்கள். சுடாவிட்டால் என்னிடம் வாருங்கள். சேர்ந்தே போகலாம்.