முப்பது நாள் பதிவு

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டப்பாக்காரர் என்றால்தான் தெரியும். வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது தொழில். யார் கேமரா கேட்டு வந்தாலும், "கேமரா கிடக்கட்டும் சார், டப்பாவை எங்க வைக்கப் போறீங்க?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். டப்பா என்றால் படத்தைப் பதிந்து வைக்கும் ரெக்கார்டர். அதற்குள் இரவும் பகலும் ஓடுவதற்கென்றே செய்த ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டும். கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி உட்காராமல், பூட்டிய அலமாரிக்குள் இருக்க வேண்டும். கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒயர் போக வேண்டும். எல்லாம் முடிந்து ஏணியை மடக்கும்போது ஒன்று சொல்வார்: "நேர்ல ஓடுற படத்தைப் பாத்து ஏமாந்துடாதீங்க. மாசம் ஒரு தடவை நேத்து நடந்ததைப் போட்டுப் பாருங்க. வந்தாத்தான் அது கேமரா. வரலேன்னா சுவத்துல ஒட்டுன பொம்மை."

இருபது வருஷமாக இதே பாட்டு. ஏணி ஏறி ஏறி முட்டி தேய்ந்துவிட்டது, பாட்டு மட்டும் தேயவில்லை. அவர் மாட்டிய டப்பா எதுவும் காலை வாரியதில்லை என்பது உண்மை. அதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்பதும் உண்மை.

அப்பேர்ப்பட்டவரின் மாமியார் வீட்டில் கேமரா மாட்டியது அவர் இல்லை. சின்ன மாப்பிள்ளை.

அந்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்ல! எட்டு மாதத்துக்கு முன் மாமனாருக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. அடுப்படிக்குப் போகிறேன் என்று வாசலுக்குப் போவார். எந்நேரமும் அவர்மேல் ஒரு கண் வைக்க முடியாது, கேமரா வைத்துவிடலாம் என்று மாமியார் முடிவு செய்தார். நம்மவர் டேப்பைக் கொண்டுபோய் வீட்டை அளந்தார். இங்கே ஒரு துளை, அங்கே ஒரு துளை, அலமாரியில் டப்பா என்று கணக்குச் சொன்னார். "போன மாசம்தான் பெயின்ட் அடிச்சோம் மாப்பிள்ளே" என்று மாமியார் இழுத்தார். "அடுத்த வாரம் வர்றேன் அத்தே" என்று இவர் வந்துவிட்டார்.

அடுத்த வாரம் போனால் வாசல் சுவரில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று வெள்ளை வெளேரென்று இரண்டு கேமரா சிரிக்கிறது. ஒயர் இல்லை, டப்பா இல்லை. உள்ளே நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். சின்னவர் ஆபீஸ் போகிற வழியில் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனாராம். மாமியார் போனைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா, எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது! சின்ன மாப்பிள்ளைக்குக் கை வேகம்."

கை வேகமாம்! ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத ஆள். டப்பாக்காரருக்குக் காதில் புகை வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "உங்கம்மா வீட்டுக்கு நான் மூத்த மாப்பிள்ளையா, இல்ல வாட்ச்மேனா?"

"அதுக்கும் கேமரா இருக்கே" என்றாள் அவள். சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை.

அன்றிலிருந்து சின்னவர் எது செய்தாலும் இவருக்கு எரிந்தது. அவர் சட்டை, அவர் பேச்சு, 'அண்ணே அண்ணே' என்று காலைச் சுற்றும் பணிவு, எல்லாமே. பணிவுதான் ரொம்ப எரிந்தது. அந்த மனுஷன் ஒரு தடவையாவது திமிராகப் பேசியிருந்தால் இவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு. மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. இலை போடுவதற்கு முன், மாமியாரின் போனை வாங்கி, தொழில் புத்தி விடாமல், வாசல் கேமராவின் நேற்றைய பதிவைப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. முந்தின நாளும் வரவில்லை. ஒரு வாரம் பின்னால் போனாலும் வெறும் கறுப்பு. நேர்ப்படம் மட்டும் பளிச்.

சத்தம் போடாமல் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கேமராவின் கீழ் மூடியைத் திறந்து கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தார். செத்துப்போயிருந்தது. போனில் போடுகிற சாதாரணக் கார்டு. ஓயாமல் எழுதி அழித்து எழுதினால் எத்தனை நாள் தாங்கும்? அவர் பையிலேயே, இதற்கென்று செய்த புதுக்கார்டு ஒன்று இருந்தது. மாற்ற ரெண்டு நிமிஷம் போதும். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு மாற்றலாம் என்றுதான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார்.

அப்போது உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "பெரியவர் சொன்னபடி விட்டிருந்தா வீடு பூரா ஒயரு, துணி காயப்போட வசதியா இருந்திருக்கும்!" எல்லோரும் சிரித்தார்கள். இவர் மனைவி சிரித்த சத்தமும் அதில் இருந்தது.

இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் தேவைப்படும்போது போட்டுப் பார்க்கட்டும். அன்று தெரியும் யாருக்குக் கை வேகம் என்று. செத்த கார்டையே திரும்பச் சொருகி மூடியை அழுத்தினார். உள்ளே போய் வயிறாரச் சாப்பிட்டார். எட்டு மாதத்தில் அன்றுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

அந்த ஒரு நாள் நேற்று வந்தது.

காலை பதினொன்றரைக்கு மனைவி போனில் அழுதாள். "அப்பாவைக் காணோம்!" இவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போனபோது சின்னவர் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். அக்கம்பக்கத்தார் வலப்பக்கம் பூங்கா வரை தேடிவிட்டு வந்திருந்தார்கள். எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கேமராவைப் பாருங்க தம்பி" என்றார் மாமியார்.

சின்னவர் போனை அழுத்தினார். அவர்கள் எல்லோரும் வாசலில் நிற்பது பளிச்சென்று தெரிந்தது. பத்து மணிக்குப் போனால் கறுப்பு. ஒன்பதுக்குப் போனால் கறுப்பு. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணே... ஒண்ணுமே இல்லண்ணே..."

அந்த முகத்தைப் பார்க்கத்தான் டப்பாக்காரர் மூன்று வாரமாகக் காத்திருந்தார். இப்போது பார்த்தார். பெரிய ரோடும் லாரிகளும் கண் முன்னே வந்தன.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் வாசலுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இவரே மாட்டியது. ஓடினார். அலமாரியைத் திறக்கச் சொல்லி டப்பாவை டிவியோடு இணைத்தார். பத்து ஐம்பத்திரண்டு. மாமனார் கேட்டைத் திறக்கிறார். ஒரு கால் செருப்பு வீட்டுச் செருப்பு, இன்னொன்று வெளிச் செருப்பு. கையில் பழைய ஆபீஸ் பை. இடப்பக்கம் திரும்பினார்.

"பழைய ஆபீசு!" என்று கத்திக்கொண்டே சின்னவர் வண்டியை எடுத்தார். டப்பாக்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். பெரிய ரோட்டைத் தாண்டி, ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷமான அந்த ஆபீஸின் பூட்டிய வாசலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. "இன்னும் திறக்கலை பாருங்க, எல்லாருக்கும் சோம்பேறித்தனம்" என்றார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் தையல்காரம்மா வீட்டில்தான் கூடினார்கள். மாமனாரைத் தனியே விடப் பயந்து அவரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். இதற்கு முன்னாலும் இப்படி வெளியே போயிருக்கிறாரா என்று, சிராய்ப்புக்கு மருந்து போட்ட டாக்டர் கேட்டிருந்தார். டப்பாவில் முப்பது நாள் பதிவு இருக்கும் என்று தையல்காரம்மாவே பெருமையாகச் சொல்லிவிட்டார்.

மவுஸ் டப்பாக்காரர் கையில் இருந்தது. முந்தின நாளிலிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி வேகமாக ஓட்டினார்.

"இனிமே பெரிய மாப்பிள்ளை சொல்றதுதான் இந்த வீட்ல" என்றார் மாமியார். "எத்தனை ஓட்டை வேணும்னாலும் போடுங்க. நீங்க இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்! என் புத்தியைச் சொல்லணும்."

எட்டு மாதம் ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"தப்பு என்னோடதுதான் அத்தே" என்றார் சின்னவர். "மாட்டினதோட சரி, ஒரு நாள்கூடப் போட்டுப் பாக்கலை. அண்ணன் கண்ணுல பட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாரு."

டிவியில் தேதிகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டு வாரம் போய்விட்டது. அந்த ஞாயிறு எப்போது வரும் என்று டப்பாக்காரருக்குத் தெரியும். ஊரெல்லாம் கேமரா மாட்டுகிறவருக்கு, அன்று தன் முதுகுக்குப் பின்னால், தானே மாட்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

"போதும் அத்தே, வேற நாள் எதுலயும் போகலை போல" என்றார்.

"இன்னும் கொஞ்சம்தானே மாப்பிள்ளே? டாக்டர் நாளைக்குக் கேப்பாரே."

நிறுத்தலாம். ஒயர் லூஸ் என்று சொல்லிப் பிடுங்கலாம். டிஸ்க்கை முழுசாக அழிக்கிற இடம் எது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் சின்னவர், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல், அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

டப்பாக்காரர் அந்த ஞாயிறுக்குப் போனார். வேகத்தைக் குறைத்துச் சாதாரணமாக ஓடவிட்டார்.

படம் அவர் எப்போதும் சொல்லிக்கொள்கிற மாதிரியே துல்லியமாக இருந்தது. ஸ்டூல் வந்தது. கேமராவின் மூடி திறந்தது. கார்டு வெளியே வந்தது, போனுக்குள் போனது, திரும்பக் கேமராவுக்குள் போனது. அவர் ஸ்டூலை விட்டு இறங்கித் தெருவைப் பார்த்துத் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது. மனைவி அவரைப் பார்க்காமல் டிவியையே பார்த்தாள்.

மாமனார் நாற்காலியில் முன்னால் சாய்ந்து கண்ணைச் சுருக்கினார்.

"யாரும்மா அந்த ஆளு? நம்ம வீட்டு வாசல்ல நின்னு என்ன பண்றான்?"



"நான்தான் மாமா" என்றார் டப்பாக்காரர்.