புல் முளைத்த பக்கம்

பாம்பூரில் குங்குமப்பூவை ஒளித்து வளர்க்க முடியாது. இலை சரியாகத் தலைகாட்டும் முன்பே பூ வந்து தரையில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி பிறந்தால் யார் தோட்டத்தில் என்ன இருக்கிறதென்று தெருவில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும். மஹ்தாபாவுக்கு இதுதான் சங்கடம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே தோட்டம்தான். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் வரிசை. இந்தப் பக்கம் அவளும் கணவன் சோனாவுல்லாவும். அந்தப் பக்கம் கொழுந்தன் அஹதும் அவன் மனைவி சாஜிதாவும். இந்தப் பக்கம் விடிந்தால் கால் வைக்க இடமில்லாமல் ஊதாப் பூ. அந்தப் பக்கம் புல். புல் என்பது ஊர்க்காரர்கள் கேலிக்குச் சொன்னது. பூக்க வலுவில்லாத பொடிக் கிழங்கு இலையை மட்டும் நீட்டும், அதுதான் அது. மூன்று வருஷம் ஏறக்குறைய வெறும் இலை. அப்புறம் பூத்ததும் கிழவன் வாய்ப் பல் மாதிரி இங்கொன்று அங்கொன்று.

அது ஏன் அப்படி என்று மஹ்தாபாவுக்குத் தெரியும். அவள் செய்த வேலை அது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்தார்கள். மாமனார் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கல் போட்டார். மண்ணுக்குள் இருந்த கிழங்கையெல்லாம் தோண்டி எடுத்தாயிற்று. அதைப் பிரிப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. மூத்தவன் வீட்டுப் பெண் இரண்டு குவியல் போடுவாள். இளையவன் வீட்டார் தங்களுக்கு வேண்டிய குவியலைக் கைகாட்டுவார்கள். அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

மஹ்தாபா அந்தத் தோட்டத்தில் பதினோரு வருஷம் மண்டியிட்டுக் களை பிடுங்கியவள். சாஜிதா கல்யாணமாகி வந்து ஒரு பனிக்காலம்தான் ஆகியிருந்தது. வந்தவளுக்கும் பாதி, உழைத்தவளுக்கும் பாதியா என்று அவள் வயிறு எரிந்தது. நியாயமான எரிச்சல் என்றே வைத்துக்கொள்வோம். மாமனாரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அதற்குத் தைரியம் இல்லை. கை மட்டும் வேலை செய்தது.

ஒரு குவியலில் பொடிக் கிழங்கை அடியில் கொட்டி, மேலே நாலு கூடை பெரிய கிழங்கைத் தோல் உரித்து, மண் தட்டிப் பளபளவென்று அடுக்கினாள். இன்னொன்றில் பெருங்கிழங்கை மண்ணும் சருகுமாக அப்படியே விட்டாள். குங்குமப்பூக்காரன் எவனும் குவியலுக்குள் கை விட்டுப் பார்க்காமல் கைகாட்ட மாட்டான். ஆனால் அஹத் கூரைப் பனியைத் தள்ளப் போய் விழுந்து, முறிந்த கால் சரியாகக் கூடாமல் மறுபடி கட்டுப் போட்டு உள்ளே படுத்திருந்தான். சாஜிதா நெல் விளையும் ஊர்க்காரி. சுத்தமாக இருந்த குவியலைக் காட்டினாள்.

கூடையில் அள்ளும்போது அவளுக்கே ஏதோ உறுத்தியது. "அக்கா, அடியில எல்லாம் பொடிசா இருக்கே?"

"கிழங்குன்னா அப்படித்தான் இருக்கும். மண்ணுக்குள்ள போனா எல்லாம் பெருசாயிடும்," என்றாள் மஹ்தாபா. அது முழுப் பொய்கூட இல்லை. அதனால்தான் நாக்கு கூசாமல் வந்தது.

கூலியாட்கள் நட்டார்கள். முதல் வருஷம் மேலே அடுக்கிய பெரிய கிழங்கில் வந்த கொஞ்சம் பூவோடு சரி. அஹத் காலை இழுத்துக்கொண்டு வந்து ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தான். அவனுக்குப் பார்த்த உடனே புரிந்தது. புரிந்தது பாதிதான்.

"கண்ணு எங்க வச்சிருந்த நீ? இருக்கறதுலயே பொடிசாப் பார்த்துப் பொறுக்கிட்டு வந்திருக்கியே," என்று மனைவியைக் கேட்டான்.

தன்னிடம் மஹ்தாபா சொன்னதை சாஜிதா அவனிடம் சொல்லவேயில்லை. தானே கைகாட்டியாயிற்று, இனி வாய் திறக்கக் கூடாது என்பது முறை என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள்.

அஹத் கெட்டவன் இல்லை. அடிப்பவன் இல்லை, குடிப்பவன் இல்லை. வேடிக்கையாகப் பேசுவான், அவ்வளவுதான். அந்த வேடிக்கை எட்டு வருஷம் ஓடியது. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால், "எங்க வீட்டுல நெல்லு வயல்லேர்ந்து ஒரு ராணி வந்தாங்க. அவங்க கை பட்டா குங்குமப்பூவும் நாத்தாயிடும்," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். சாஜிதாவும் சிரிப்பாள். மஹ்தாபா சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

களை பிடுங்கக்கூட சாஜிதா தோட்டத்துக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள். கீரைப் பாத்தியோடு சரி. பூப்பறிக்கும் நாட்களில் மட்டும் மஹ்தாபாவின் வீட்டுக்கு வந்து, பூவிலிருந்து சிவப்பு இழையைப் பிரித்துக் கொடுப்பாள். போகும்போது மஹ்தாபா ஒரு பிடி இழையைத் தாளில் மடித்து அவள் கையில் திணிப்பாள். வருஷத்துக்கு வருஷம் அந்தப் பிடி பெரிதாகிக்கொண்டே போனது.

"உங்க மனசு யாருக்கு வரும் அக்கா," என்பாள் சாஜிதா. மஹ்தாபாவுக்குச் செருப்பால் அடித்தது போலிருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். மாமனார் இருக்கும்வரை அவர் காதுக்குப் போகக் கூடாது என்று ஒரு சாக்கு. அவர் மௌத்தான பிறகு, பழசைக் கிளறுவானேன் என்று இன்னொரு சாக்கு. சாக்குக்கு அவளிடம் பஞ்சமே இல்லை.

இந்த ஆவணியில் இரண்டு பக்கமும் கிழங்கு நெருக்கியடித்துப் போய், தோண்டி மறுபடி நடவேண்டிய முறை வந்தது. அஹத் கல் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான்.

"மதினி, இந்த வாட்டி எங்க கிழங்கையும் நீங்களே தரம் பிரிச்சுக் குடுங்க. எங்க வீட்டம்மா கை வேணாம்."

பின்னால் கூடையோடு நின்ற சாஜிதா சொன்னாள். "ஆமாக்கா. நானே கேக்கணும்னு இருந்தேன். என் கை ஆகாத கை."

அதைச் சாதாரணமாகச் சொன்னாள். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல. எட்டு வருஷம் சிரித்துச் சிரித்து அந்தப் பெண் அதை நம்பியே விட்டாள் என்பது மஹ்தாபாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அஹதின் பக்கத்து வாதுமை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மஹ்தாபா கிழங்கை உரித்துப் பெரியது சிறியதாகப் போட்டுக்கொண்டு வந்தாள். சாஜிதா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் பிரி."

"வேணாம்க்கா. போன தடவை தொட்டது போதும்."

மஹ்தாபா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "போன தடவை தொட்டது நான். பொடிசை அடியில போட்டு, பெருசை மேல அடுக்கினது நான். நீ அந்தக் குவியலைக் காட்டணும்னுதான் உரிச்சு வச்சேன். உன் கையில ஒண்ணும் இல்ல."

சாஜிதா மடியிலிருந்த கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "நான் கேட்டேனே உங்கள," என்றாள்.

"கேட்ட."

"எந்திரிங்க. எங்கிட்ட இல்ல, அவர்கிட்ட சொல்லுங்க."

அஹத் முற்றத்தில் உப்புத் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். மஹ்தாபா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவான், ஊரைக் கூட்டுவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

அஹத் ரொட்டியை மென்று விழுங்கினான். "அட, இதுக்குத்தான் இப்படி முகம் வெளுத்துப் போய் நிக்கறீங்களா? எட்டு வருஷம் ஆச்சு மதினி. குடும்பம்னா ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும். விடுங்க. உக்காந்து டீ குடிங்க."

"விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள் சாஜிதா.

"மூத்தவங்களப் பிடிச்சு வச்சு என்ன பண்றது?"

"ஒரு நிமிஷத்துல விட்டுட்டீங்க. என்னைய எட்டு வருஷமா விடலையே."

அஹத் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாய் திறந்தான். மூடிக்கொண்டு ரொட்டியைக் கோப்பைக்குள் முக்கினான்.

மஹ்தாபாவுக்கு அவமானமாக இருந்தது. எட்டு வருஷம் கேட்கப் பயந்துகொண்டிருந்த மன்னிப்பு இவ்வளவு சல்லிசாகக் கிடைத்ததில் அவளுக்குத் துளி நிம்மதி இல்லை. அது தரவேண்டியவள் தந்ததும் இல்லை. தேநீரைத் தொடாமல் மரத்தடிக்கே திரும்பினாள். பாதியில் விட்ட வேலையையாவது ஒழுங்காக முடித்துக் கொடுக்கலாம் என்று குவியலில் கை வைத்தாள்.

சாஜிதா வந்து எதிரில் உட்கார்ந்தாள். மஹ்தாபாவின் கையை எடுத்து அப்பால் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் முழங்கைவரை குவியலுக்குள் விட்டு, அடியிலிருந்து கிழங்கை மேலே புரட்டினாள்.

"நீங்க போங்க," என்றாள். "எங்க கிழங்கை நான் பிரிச்சுக்கறேன்."

அக்கா என்று அவள் சொல்லவில்லை. மஹ்தாபா எழுந்து, கல் வரிசையைத் தாண்டித் தன் பக்கம் போனாள்.