விலையைத் தேடாத பயிற்சியாளர்

எங்கள் மென்பொருள் குழுவிடம் ‘அஜைல்’ முறையில் வேலை வாங்கும் பயிற்சியாளர் வியாபாரிக்குப் போன் போட்டுத் தன் தோட்டத்துத் திராட்சைக்கு விலை கேட்டபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த விலையைக் காட்டும் செயலியைத்தான் தேனியில் நாங்கள் செய்கிறோம். அதன் வடிவமைப்பாளன் நான். அன்று காலைதான் அவர் விலைப் பகுதிக்கான வேலை அட்டையை, சுவர்ப் பலகையின் ‘முடிந்தது’ கட்டத்தில் ஒட்டியிருந்தார்.

கசங்காத சட்டை, சிரிக்காத முகம். தினக்கூட்டத்தில் எங்களை நிற்க வைத்துவிட்டு அவர் உட்கார்ந்துகொள்வார். யாராவது கொஞ்சம் நீட்டிப் பேசினால் கைதட்டி நிறுத்துவார்.

“நம்ம செயலியிலயே பாக்கலாமே சார்?”

“அதுல விலை எங்கன இருக்குன்னு எவன் தேடுறது?”

“அப்ப இன்னும் முடியலையே சார். விவசாயிக கையில குடுத்துப் பாத்துட்டு ஒட்டுவோம். உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணாவே நடக்கட்டும்.”

“ஏலே, படம் வரையிறவன் படத்த மட்டும் வரை. தேதிக்கு முடிக்கிறது என் வேலை. ஒனக்காக கம்பத்துல இருந்து விவசாயிக வந்து வரிசையில நிப்பாகளாக்கும்!”

எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே எரிகிறது. தனக்கே உதவாததை முடிந்ததென்று ஒட்ட எப்படி மனம் வருகிறது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. விவசாயிகளும் விலையைத் தேடிக் களைத்தால், பழையபடி வியாபாரி சொன்னதுதான் விலை.

அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அவர் கையிலேயே செயலியைக் கொடுத்து விலையைத் தேடச் சொல்லப்போகிறேன்.