மோட்டார் காகிதங்களுக்கு ஒரு பொட்டு

கடலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சோரியாங்குப்பத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே குடியிருப்பவன் நான். ஒரே ஒரு தடவை சுண்ணாம்பாற்றில் படகுச் சவாரி போனேன். படகு கடலைப் பார்க்கும் முன்பே, காலையில் தின்ற இட்லியை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்படிப்பட்டவன் வீட்டு முன்னறையில்தான் படகு மோட்டார்களின் பழைய சர்வீஸ் புல்லட்டின்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன.

சர்வீஸ் புல்லட்டின் என்றதும் மிரண்டுவிட வேண்டாம். மோட்டார் கம்பெனிக்காரன் ஒரு மாடலை ஊரெல்லாம் விற்றுத் தீர்த்த பிறகுதான் அதில் உள்ள கோளாறு அவனுக்கே தெரியவரும். வெளியே சொன்னால் மானம் போகும் என்று மெக்கானிக்குகளுக்கு மட்டும் ஒரு காகிதம் அனுப்புவான். அந்த வாஷரை எடுத்துவிடு, இந்த ஸ்குரூவை மாற்று, யாரும் கேட்டால் ரொம்ப விளக்காதே என்கிற தொனியில் இருக்கும். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தப்பை ஒத்துக்கொள்ளாமலே திருத்துகிற அந்த நடை எனக்குத் தாய்மொழி மாதிரி.

ஓய்வு பெற்ற புதிதில் நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மனைவி காபி கொண்டுவந்து வைப்பாள், அப்புறம் ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போவாள். பேச்சு வராது. ஃபைல் இல்லாத மனுஷன் என்ன பேசுவான்?

பாகூர் கடைத்தெருவில் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. சுற்றிக் கொடுத்த காகிதத்தில் ஒரு கியர் பெட்டியைக் குறுக்காக வெட்டிய படம். எண்ணெய் ஊற்றும் துளைக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். சரியாக அந்த இடத்தில் பஜ்ஜி எண்ணெய் ஊறியிருந்தது. காகிதத்தின் மேல் ஓரத்தில் ஒரு வரிசை எண். எண்ணைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்துவிட்டது. இதற்கு முந்தைய எண் எங்கே? அடுத்தது எங்கே? பஜ்ஜிக் கடைக்காரரை விசாரித்தேன். மூடிப்போன ஒரு மோட்டார் கடையின் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்கு மூட்டையாக வந்திருப்பதாகச் சொன்னார். மூட்டையை டவுன் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்டக்டர் லக்கேஜ் என்று சண்டை போட்டார், நானும் சளைக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒருவரிடம் வாய்விட்டுப் பேசினேன்.

அப்புறம் என்ன, ஆபீஸ் நோய் திரும்ப வந்துவிட்டது. பஞ்ச் போட்டு, டேக் கட்டி, மாடல் வாரியாக, எண் வாரியாக அடுக்கினேன். 'இந்த அறிவிப்பு முந்தைய அறிவிப்பை ரத்து செய்கிறது' என்று ஒன்று கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. ரத்தானதையும் எறிய மாட்டேன். ரத்தானது எது என்று தெரிந்தால்தானே ரத்து செய்ததற்கு மரியாதை?

விட்டுப்போன எண்களைத் தேடிக் கடற்கரைக் குப்பங்களில் உள்ள மோட்டார் பட்டறைகளுக்கும் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு மெக்கானிக் பழக்கமானார். புல்லட்டினில் கையைத் துடைப்பவர். என்னைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சார், மோட்டாரே இல்லாதவரு மோட்டார் பேப்பர் சேக்கறது இன்னா தெரியுமா? பொண்ணே பாக்காதவன் புள்ளைக்கு ஸ்கூல் அட்மிசன் வாங்கிக்கினா மாதிரி."

வீட்டில் சிரிப்பெல்லாம் இல்லை. அலமாரி நிறைந்து, கட்டிலுக்கடியில் புகுந்து, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் காகிதம் முளைத்தபோது மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க இது, வூடா கொடௌனா? கப்பல் கம்பெனி எதனா தொறக்கப் போறீங்களா?"

"என்றைக்காவது யாருக்காவது உபயோகப்படும்" என்றேன்.

"சரி. ஆயுத பூஜைக்கு வூட்ட ஒட்டட அடிப்பேன். அதுக்குள்ள இந்தப் பேப்பர கேட்டுக்கினு ஒரே ஒரு ஆளு நம்ம வாசப்படி ஏறட்டும். இல்லாட்டி பழைய பேப்பர்காரன்தான் ஏறுவான்."

அவள் சொன்னால் செய்கிறவள். என் ஆபீஸ் டைரிகளை வெந்நீர் அடுப்புக்குப் போட்டவள். காகிதம் போனால் மறுபடியும் அந்தச் சுவர்தான்.

நவராத்திரி தொடங்கியதும் வெட்கத்தை விட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "எதாவது மோட்டார் கெட்டுப்போயிருக்கா?"

"இன்னா சார், வாய வெக்கறீங்க!" என்று போனை வைத்துவிட்டார்.

பூஜைக்கு முதல் நாள் அவரே கூப்பிட்டார். அவருடைய மச்சானின் பழைய மோட்டார் சூடாகி நடுக்கடலில் நின்றுவிடுகிறதாம். மோட்டார் ஓடும்போது, சூடு தணிய உள்ளே இழுத்த தண்ணீரைப் பின்பக்கம் சின்னத் தாரையாக வெளியே விடவேண்டும். பட்டறைப் பேச்சில் அதற்கு வேறு பெயர்.

"மோட்டாரு ஒண்ணுக்குப் போவ மாட்டங்குது சார். தண்ணி இழுக்கற ரப்பர் சக்கரத்த மாத்திட்டேன், அப்பவும் போவல. ஒங்க பேப்பர்ல எதனா கீதா? நாளைக்கி பூஜை, ஸ்பேனர தொட மாட்டேன். சும்மாதான் இருப்பேன், வரேன்."

குதிக்காத குறை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆள் வாசலில் வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

காலையில் பொரியும் வாழைக்கன்றும் வாங்க பாகூர் போனேன். திரும்பும்போது எங்கள் தெருமுனையில் பழைய பேப்பர்காரர் வண்டி நிறைய மூட்டையோடு எதிரே போனார். என்னைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார். ஓட்டமாக வீட்டுக்குள் நுழைந்தேன். அலமாரி காலி. கட்டிலுக்கடியில் காலி. அரிசி டிரம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி நின்றது. கையிலிருந்த பொரிப் பை தரையில் விழுந்து கொட்டியது.

"அய்ய, பொரியக் கொட்டிட்டு இன்னா நிக்கறீங்க?" என்று பூஜை அறையிலிருந்து குரல் வந்தது.

எட்டிப் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மணைப் பலகை, அதன் மேல் என் புல்லட்டின்கள் மொத்தமும். டேக் எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒவ்வொரு தாளிலும் சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். அடுக்கு சாயக்கூடாது என்று பெரிய தாள் அடியில், சின்னது மேலே. மாடல், எண், ரத்து ஆனது, ஆகாதது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. நான் கட்டிய கோட்டையை ஒரே காலையில் தரைமட்டமாக்கிவிட்டு, உச்சியில் சாமந்திப்பூ வைத்திருந்தாள். கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வாசப்படி ஏறினார். "சார், அந்தப் பேப்பரு..."

"பூஜைல கீது" என்றாள் மனைவி. "நாளைக்கிக் காலைலதான் எடுக்கணும். இன்னிக்கி யாரும் தொடக்கூடாது."

நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவராவது எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அக்கா சொல்றது கரெக்டு சார். எங்கூட்ல ஸ்பேனரும் அப்டித்தான் கீது."

இத்தனை நாளில் என் காகிதத்தைத் தேடி வந்த ஒரே மனுஷன். அவரும் நானும் பொரியைத் தின்றுகொண்டு, எட்டாத தூரத்தில் இருந்த அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். பூஜையில் இருந்து எடுத்தால் ஒரு வரியாவது படிக்க வேண்டும் என்பது வழக்கம். மேல் தாளை எடுத்து, மோட்டாரைக் கழற்றும் முன் பிளக் ஒயரைக் கழற்றவும் என்று இங்கிலீஷில் பயபக்தியோடு படித்தேன். மனைவி கற்பூரம் காட்டினாள்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அலசினோம். காபி ஆறும் முன்பே மெக்கானிக் தேடிய தாள் கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு எண்ணுக்கு மேற்பட்ட மோட்டார்களில் அந்த ரப்பர் சக்கரம் மாறிவிட்டதாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உயரம் ஒரு நூல் அதிகம். பழையதைப் போட்டால் தண்ணீர் ஏறாது. எந்த எண்ணுக்கு மேல்? எண்ணின் நடுவில், கச்சிதமாக, குங்குமப் பொட்டு. ஈரச் சந்தனத்தில் ஊறி இலக்கமே போய்விட்டது.

நான் பல்லைக் கடித்தேன். மெக்கானிக் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உள்ள எந்த நம்பரு இருந்தா இன்னா சார்? மச்சான் மோட்டாரு அந்த மாடல்ல கடைசியா வந்தது, நம்பரு எல்லாத்துக்கும் மேல. பெரிய சக்கரந்தான்."

சாயங்காலம் போன் வந்தது. "சார், ஒண்ணுக்குப் போவுது!"

நான் மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்தினேன். "கெடுவுக்குள்ள ஆள் வந்தாச்சு பார்த்தியா?"

சிதறிய தாள்களைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் வருவான் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்பே பொட்டு வைத்துவிட்டாள்.

"நேத்து பேப்பர்காரன் வந்தானா?"

"வந்தான். தராசு கூட எறக்கிட்டான்."

"அப்புறம்?"

"பொட்டு வெச்சிட்டேன்னு சொன்னேன். சாமிகிட்ட வெச்சத எடைக்குப் போட முடியுமா?" என்றாள். "இது போச்சுன்னா மறுபடி செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துப்பீங்க. என்னால அதப் பாக்க முடியாதுங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எண்ணைப் படித்தேன், அவள் டேக்கைக் கோத்தாள்.