செலின் முதலில் கேட்கும் கேள்வி

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றிருந்தபோது போன் வந்தது. செலின் கிளினிக்கின் நர்ஸ். "சார், டாக்டரம்மா போய்ட்டாங்க சார்."

"எங்க, பாண்டிக்கா?" என்று கேட்டேன். அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் செலின், "வரும்போது மல்லாட்டை வாங்கிக்கினு வாங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார். மாரடைப்பாம். அந்த மனுஷிக்கா? வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் என் மடியில் சூடாக இருந்தது.

இந்த நினைவுக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? திண்டிவனத்தில் அவர் பல் மருத்துவர், விழுப்புரத்தில் நான் மனநல மருத்துவன். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் முதலில் கேட்டதே இல்லை. "இன்னிக்குப் பல்லு தேச்சீங்களா?" என்பார். மனசு விட்டுப்போனவர்கள் முதலில் கைவிடுவது பல் விளக்குவதைத்தான் என்பது அவர் கட்சி. பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டவர்களைப் பல்லைப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்புவார்.

வாயிலிருக்கும் கிருமிகளுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர் எங்கோ படித்தபோது போனில் ஒரே ஆரவாரம். "இருக்கலாம்னுதான் சொல்றாங்க. எது முந்தி எது பிந்தின்னு தெரியாது. அதுக்காக உங்க மாத்திரைய யாரும் நிறுத்தக் கூடாது, ஆமா!" என்று என்னையே மிரட்டினார்.

அப்படி என்னிடம் வந்தவள்தான் பத்மா, செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். பிள்ளை பெற்றபின் சிரிப்பே போயிற்று, ஈறெல்லாம் புண். நான் மருந்து கொடுத்தேன். ஈறுக்கு நல்லது என்று செலின் புரோபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? "இதுல நல்ல கிருமிங்க உயிரோட இருக்கு" என்று பெருமையாக விளக்கம் வேறு. எறும்பை மிதிக்காமல் நடக்கும் வீட்டில் சொல்கிற பேச்சா இது! பத்மா மாத்திரையைத் தொடவில்லை. பல் விளக்கினாலும் கிருமிகளின் உயிர் போகுமே என்று அதையும் விட்டாள். கடைசியில் சோற்றையும் விட்டாள். "கொழந்தைக்குப் பாலே இல்லீங்க" என்று அவள் மாமியார் போனில் அழுதார்.

நானும் செலினும் உடனே கிளம்பினோம். "இந்த வாய வச்சிக்கினு சும்மா இருந்தேனா" என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். நாங்கள் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார் செலின். "அந்த மாத்திரை வேணாம் கண்ணு. வீட்டப் பாத்துப் பாத்துப் பெருக்குற இல்ல, பல்லையும் அப்படித் தேச்சிக்கோ. உன் வாய்லயே அந்தக் கிருமிங்க குடியிருக்கு. நீ பட்டினின்னா அதுங்களும் பட்டினிதான்."

பத்மா நிமிர்ந்து பார்த்தாள். "அதுங்களுக்கும் பசிக்குமா?"

மாமியார் மோர்சாதத்தோடு ஓடிவந்தார். முதல் கவளம் இறங்கியதும் செலின் அழுதுவிட்டார். பத்மா தேறிவர மாதங்கள் ஆயின.

செலினின் அடக்கம் முடிந்து வந்தவன் அறைக்குள்ளேயே கிடந்தேன். பத்மாவுக்குத் தெரிந்தால் மறுபடி விழுந்துவிடுவாளோ என்ற பயம் வேறு. அவளே வந்து நின்றாள், அழுது வீங்கிய முகத்தோடு. ஆறுதல் சொல்ல எழுந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், இன்னிக்குப் பல்லு தேச்சீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். செலின் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வியை; அதைக் கேட்க ஓர் ஆளையும்.