சந்தைப் பேப்பரும் எங்கள் வீட்டு நெருப்பும்

எனக்கு அறுபத்தேழு வயது முடிந்துவிட்டது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் கொழுந்தன் விட்டுப்போன பிள்ளைகள். எந்தத் தட்டிலும் நான் குறைத்துப் போட்டதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் பேனா பிடித்தால் வரி மேடு ஏறிப் பள்ளம் இறங்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மலர் எழுதுகிறாள்.

இப்போதும் எங்கேயாவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு விளக்கு ஞாபகம் வருவதில்லை, "சந்தைப் பேப்பர்" ஞாபகம்தான் வரும். வெள்ளிக்கிழமை தோறும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து விற்கிற நான்கு பக்கப் பேப்பர் அது. அதற்கு ஒரு பெரிய பெயர் இருந்தது, ஆனால் எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிற அந்த மை காய்வதற்குள் கட்டி எடுத்து வருவதால் தொட்டவர் விரலெல்லாம் கறுப்பாகும். எதிர்வீட்டுக் கங்கம்மா அந்த மையை விரலில் தேய்த்துத் தன் கைக்குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பாள்.

அதில் டில்லி சேதி இருக்காது. இன்னார் தோப்பில் மாங்காய் குத்தகை, இன்னார் வீட்டு எருமை காணவில்லை, சந்தையில் விட்டுப்போன குடையைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவானுக்கு நன்றி, இப்படித்தான் இருக்கும். எழுதுவது, அச்சடிப்பது, விற்பது எல்லாம் ஒரே ஆள்தான். "அச்சாபீஸ்காரர்" என்போம். எங்கள் தெருவில் ஒரு பேப்பர்தான் வாங்குவார்கள். சர்ச்சில் மணி அடிக்கிற சவரியப்பன் மாமா புளியமரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். தமிழ் சரியாகப் பிடிபடாதவர்களுக்குக் கங்கம்மா அதைத் தெலுங்கில் திருப்பிச் சொல்லுவாள், கூடவே தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது தீப்பெட்டி இருக்கிற வீட்டிலும் குச்சியை வீணாக்க மாட்டார்கள். விடிந்ததும் எந்த வீட்டுக் கூரையில் முதலில் புகை வருகிறதோ அந்த வீட்டுக்கு வரட்டித் துண்டோடு போய்த் தணல் வாங்கி வருவார்கள். எழவு விழுந்த வீட்டில் மட்டும் அடுப்பு எரியாது. அங்கே யாரும் நெருப்பு வாங்கப் போக மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாங்காய்ப் பருவம். ஓசூரில் கம்பெனிச் சங்கு ஊத ஆரம்பிக்காத காலம். என் அப்பா முனியப்பன் மாங்காய் லாரியில் லோடு ஏற்றி இறக்குகிற ஆள். பெங்களூருக்குப் போன லாரியோடு போயிருந்தார். ஓரிரு நாளில் திரும்புகிறவர் அந்த முறை வெள்ளிக்கிழமை ஆகியும் வரவில்லை.

அன்று சாயங்காலம் சவரியப்பன் மாமா, "மாங்காய் லாரி கவிழ்ந்தது" என்று வழக்கம்போல முழங்கித் தொடங்கினார். அடுத்த வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஓசூர் தாண்டி லாரி கவிழ்ந்ததில் குந்தாரப்பள்ளி முனியப்பன் என்கிற லோடு ஆள் இறந்துபோனார், அவ்வளவுதான் சேதி. தெலுங்கில் சொல்ல வாயெடுத்த கங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அம்மா அப்போது மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சவரியப்பன் மாமா வந்து சொன்னதைக் கேட்டும் சல்லடையைக் கீழே வைக்கவில்லை.

"ஏண்ணா, அப்பன் பேரு போட்டிருக்குதா?"

"இல்லம்மா."

"தெரு பேரு?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் என்னா? இந்தச் சுத்துவட்டாரத்துல கண்ண மூடிக்கினு கல்ல வுட்டா ஏதோ ஒரு முனியப்பன் தலமேலதான் வுழும். எம்புருசன்னு யாரு சொன்னது?"

வேறொரு நாளாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

விளக்கு வைப்பதற்குள் நாலைந்து வீட்டிலிருந்து பாத்திரம் வந்துவிட்டது. களி, கீரைக் குழம்பு, ஒரு வீட்டில் நெல்லுச் சோறே ஆக்கியிருந்தார்கள். அம்மா வாசலில் நின்று மறித்தாள். "யாரு வூட்டுல எழவு? எடுத்துக்கினு போங்க. அவரு வந்தா சூடா களி கேப்பாரு, நான் கிண்டணும்." கொண்டுவந்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகிறபோது அவர்கள் முகத்தை அம்மா பார்க்காமல் உள்ளே திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த தெருவிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் அடுப்பில் நெருப்பு எரிவதைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அடிப்பாவி, புருசன் செத்த சேதி வந்திருக்குது, இவ களி கிண்டறா பாரு! உனக்கு இருக்கிறது நெஞ்சா, அம்மிக்கல்லாடி?"

"அண்ணி, அழறதுன்னா உங்க வூட்டுல போயி அழுவுங்க. இங்க புகை போதும்."

அன்றிரவு வட்டில் முன்னால் உட்கார்ந்து களியை உருட்டிக்கொண்டே இருந்தேன். "முழுங்குடி" என்றாள் அம்மா. முழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு யாரும் நெருப்புக் கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. சனிக்கிழமை விடிந்ததுதான் தாமதம், வாசலில் கங்கம்மா நின்றாள், கையில் வரட்டித் துண்டு.

"அக்கா, கொஞ்சம் நிப்பு இய்யி" என்றாள். தெலுங்கில் நெருப்புக் கேட்கிறாள்.

அவள் தலைக்குப் பின்னால், அவள் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே புகை போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தணலை வரட்டி மேல் எடுத்து வைத்தாள். கங்கம்மா ஒரு விறகை எங்கள் அடுப்போரம் போட்டுவிட்டு, "உங்க அடுப்புத் தணலுதான் சீக்கிரம் புடிக்குது அக்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் வீட்டில் நெருப்பு வாங்கினால் இது எழவு வீடு இல்லை என்று தெருவுக்கே சொன்னதாகிவிடும். அதைச் சொல்லத்தான் வந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சவரியப்பன் மாமா பெண்சாதி மேரியக்காவும் வந்தாள். அவர்கள் வீட்டில் சாமி படத்துக்கு மெழுகுவத்தி ஏற்ற எப்போதும் தீப்பெட்டி இருக்கும், அது தெருவுக்கே தெரியும். "குச்சி நமுத்துப்போச்சு" என்றாள், கோடை வெயில் கொளுத்துகிற நாளில். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தணல் கொடுத்தாள். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு விறகு போட்டுவிட்டுப் போனதால் எங்கள் அடுப்பு அணையவே இல்லை.

சவரியப்பன் மாமா கிருஷ்ணகிரிக்குப் போய் அச்சாபீஸ்காரரைப் பிடித்தார். டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொன்னதைக் கேட்டுப் போட்டதாகவும், அதற்கு மேல் தெரியாது என்றும் அவர் சொன்னாராம். சொல்லிவிட்டு, அரை வேலையில் கிடந்த அச்சை அப்படியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, கிடைத்த லாரியில் ஓசூருக்கு ஏறிவிட்டாராம், தானே போய் விசாரித்து வருகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கையில் வரட்டி.

"குடுடி. எந்தம்பி வந்தா எங்கூட்டுலயும் ஒரு வாயி கேப்பான்" என்றாள். அம்மா பெரிய தணலாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அச்சாபீஸ்காரர் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. எங்கள் வீட்டிலிருந்து யாரோ தணல் எடுத்துப் போவதைப் பார்த்து ஒரு கணம் நின்றார், பிறகு வாசலுக்கு வந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இல்ல. அவர் வேற லாரியில மைசூர்ப் பக்கம் லோடோட போயிருக்கார். ரெண்டொரு நாள்ல வந்துடுவார்னு லாரி ஷெட்டுல சொன்னாங்க. தப்பு என்னுதுதான்."

தெருவே "அப்பாடா" என்றது. கங்கம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா மட்டும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது யாரு?" என்று கேட்டாள்.

லாரிக்காரர்கள் லோடு ஏற்றுகிற ஊரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். இங்கே லோடு ஏற்ற வந்து சேர்ந்த இன்னொருவருக்கும் "குந்தாரப்பள்ளி முனியப்பன்" என்றே பேர் விழுந்துவிட்டது. அவர் ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம், குப்பன் மகன். கேட்க ஆள் வராததால் பேப்பர் வருமுன்பே ஓசூரில் அடக்கம் முடிந்திருந்தது.

"வூட்டுல சேதி தெரியுமா?"

அச்சாபீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க ஊர்ப் பேரைப் போட்டுட்டேன். சேதி இந்தப் பக்கம் வந்துடுச்சு, அந்தப் பக்கம் போகல. இப்ப அங்கதான் போறேன்."

"ஒத்த ஆம்பள போயி வாசல்ல நின்னு சொன்னா அவ என்னா பண்ணுவா?" என்றாள் அம்மா. "இருங்க. நானும் வரேன்."

புளிச்சோறு கிளறிப் பெரிய தூக்கில் அடைத்தாள். "அந்த வூட்டுல இன்னிக்கு அடுப்பு அணையும்" என்றாள் கங்கம்மாவிடம். என்னையும் இட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தூக்கு என் மடியில் சுட்டது.

ஊர்க்கடைசியில் அந்த வீடு. கூரை இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ஊதுகுழலோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், அம்மா வயதுதான் இருக்கும். யார் என்று கேட்பதற்கு முன்பே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வெயில்ல வந்தோம்மா, கொஞ்சம் குந்திட்டுப் போறோம்" என்றாள் அம்மா.

"அதுக்கென்னா, குந்துங்க. களி எறக்கப் போறேன், ஒரு வாயி சாப்புட்டே போங்க."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த அச்சாபீஸ்காரரை அம்மா கையைக் காட்டி அடக்கினாள். "மொதல்ல புள்ளைங்களுக்குப் போடும்மா. நீயும் சாப்புடு. நாங்க இருக்கறோம்." அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் களியைக் குழம்பில் தொட்டு விழுங்குவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் சாப்பிட்டுக் கை கழுவினாள். பிறகுதான் அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஈரம் காயாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "இல்ல. எங்கூட்டுக்காரரு இல்ல. எத்தினி முனியப்பன் இருக்காங்க! வேற யாராச்சும் இருக்கும்."

வெள்ளிக்கிழமை தான் சொன்ன அதே வார்த்தையைக் கேட்ட அம்மா, உருவிய கையை மறுபடியும் எட்டிப் பிடித்துக்கொண்டாள். குப்பன் மகன் என்று அச்சாபீஸ்காரர்தான் மெல்லச் சொன்னார், இடது தோளில் தழும்பு என்றும் சொன்னார். அதன்பின் அவள் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவே கூடிவிட்டது. அம்மா எழுந்து போய் அடுப்பிலிருந்த விறகைத் தானே வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். மூன்று நாளாக அடுப்பை அணையவிடாமல் காத்த கை அது.

மறுநாள் நாங்கள் திரும்பி வந்தபோது கங்கம்மா வீட்டு வாசலில் அப்பா உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உன்னப் பேப்பர்ல சாவடிச்ச ஆளுகூடவே எழவுக்குப் போயிருக்குது உம்பொண்டாட்டி" என்று அவரிடம் சொல்லிச் சொல்லித் தெரு சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பேப்பரில் என்ன போட வேண்டும் என்று அம்மா சிங்காரப்பேட்டையிலேயே அச்சாபீஸ்காரரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். "செத்தவர ஒழுங்கா போடுங்க. அப்பன் பேரு, ஊரு, பொண்டாட்டி, புள்ளைங்க, எல்லாம். ஒரு மனுசனுக்கு நாலு வரி எடம் இல்லாமயா போச்சு?" அப்படியே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது, பத்திரிகையின் மன்னிப்போடு. எங்கள் தெரு முனியப்பன் உயிரோடு இருக்கிற சேதி அதன் அடியில் பொடி எழுத்தில். "செத்தா பெரிய எழுத்து, பொழச்சா சின்ன எழுத்தா?" என்று அப்பா சாகிறவரை குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பேப்பர் நிற்கிறவரை, எருமை காணாமல் போனால்கூட இன்னார் மகன் இன்னார், இந்தத் தெரு என்றுதான் போட்டார்கள்.

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். கேஸ் அடுப்பைத் திருகினால் நெருப்பு வருகிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. செல்போனில் உலகத்துச் சாவெல்லாம் வந்து விழுகிறது, எதிர்வீட்டுச் சேதி மட்டும் வருவதில்லை. குந்தாரப்பள்ளியில் சந்தை கூடுகிறது, பேப்பர் இல்லை. போன மாதம் எதிர்வீட்டுக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை. அங்கே இருப்பது வடக்கிலிருந்து வந்த சின்னப் பெண், அவள் புருஷன் கம்பெனியில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று வாட்ச்மேன் சொன்னார். எனக்கு அவள் பாஷை தெரியாது. டப்பா நிறையச் சர்க்கரை இருக்க, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டிச் சர்க்கரை கேட்டேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கொடுத்தாள். மறுநாளும் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் அவளே வந்து என்னிடம் உப்புக் கேட்டாள். அவள் வீட்டில் உப்பு இருந்திருக்கும்.

மலரு, எழுதினது போதும், கொஞ்சம் படிச்சுக் காட்டு. முழுசா வேணாம், அந்த எடத்த மட்டும் மொதல்ல படி. சிங்காரப்பேட்டைப் பக்கம், குப்பன் மகன் முனியப்பன். சரியா எழுதியிருக்கியா, பாரு.